வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்திருந்தால்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கப்புறம் ஒரே தாவலில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். ஒரு நாள்தான். அதிலும் ஒரு பீரியடுதான். அந்த ஒரு பீரியடுக்குள் வகுப்பில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் பெஞ்சு மேல் ஏற வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். இதை எழுதும்போதுகூட முகம் சூடாகிறது. (அப்புறம் ஏன் எழுதுகிறாய் என்பீர்கள். நேரில் சொல்ல வெட்கம். எழுதினால் என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லையே.)

அப்போது எனக்குச் சின்ன வயதுதான். அறுபத்திரண்டு.

என் கூச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பட்டாபிராமில் வீடு கட்டிக் குடிவந்து இத்தனை வருடமாகியும் தெருமுனை மளிகைக்காரர் என் குரலைக் கேட்டதில்லை. விரலை நீட்டுவேன், எடுத்துத் தருவார். கல்யாணப் பந்தியில் எனக்கு ரசம் வேண்டுமென்றால், பக்கத்து இலைக்காரர் கேட்கட்டும் என்று காத்திருப்பேன். அவர் மோர் கேட்டால் நானும் மோரே குடித்துவிட்டு எழுந்து வருவேன்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். ஒரே மகன் செந்தில். மருமகள் கவிதா, கொரட்டூர்ப் பெண். அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவள், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டாள். ஆள் குறைக்கிறார்களாம்.

முதல் மாதம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டாவது மாதம் சிரிப்பு குறைந்தது. மூன்றாவது மாதம் என் சமையலறையைத் திருத்தி அடுக்க ஆரம்பித்தாள். மல்லித்தூள் இருந்த இடத்தில் ரவை. ரவை இருந்த இடத்தில் பெருங்காயம். கடுகு எங்கே போனதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இவளுக்குச் சீக்கிரம் ஒரு வேலை கிடைக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலில் பாதி அவளுக்காக, மீதி என் கடுகுக்காக.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகப் போகலாம் என்று அவளே முடிவு செய்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டால் முதலில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்வார்களாம். இரண்டு இடத்தில் எடுத்துக் காட்டினாள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வரவில்லை. இரண்டாவது தடவை வீட்டுக்கு வந்து, புடவையைக்கூட மாற்றாமல், மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் எனக்குக் கடுகு மறந்துபோய், நிஜமாகவே கவலை வந்தது.

மூன்றாவதாக, சென்னீர்குப்பம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிப் படம் வரைய வைக்கும் பாடம்.

"அத்தை, நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும். உங்களுக்குப் புரிஞ்சிடுச்சின்னா உலகத்துல எல்லாருக்கும் புரிஞ்சிடும்" என்றாள்.

"இன்னாமா, பெருமையா சொல்றியா, மட்டமா சொல்றியா?"

"ரெண்டும்தான் அத்தை."

(மாமியாரிடம் இப்படிப் பேசும் தைரியம் எனக்கு என் காலத்தில் இருந்திருந்தால் நான் இன்றைக்குக் கவுன்சிலர் ஆகியிருப்பேன்.)

பாடம் ஆரம்பமானது. வீடு என்று ஒரு பிளான் போட்டு வைத்துவிட்டால் போதுமாம். அந்த ஒரே பிளானை வைத்து எத்தனை வீடு வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் எழுப்பலாமாம். பிளானுக்குப் பெயர் கிளாஸ். எழும்பிய ஒவ்வொரு வீடும் ஓர் ஆப்ஜெக்ட். இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் என்ன? ஆவடி குவார்ட்டர்ஸில் இருபத்தேழு வருடம் அப்படி ஒரு ஆப்ஜெக்டுக்குள்தானே குடியிருந்தோம். ஒரே பிளான், வரிசை வரிசையாக வீடுகள். எங்கள் வீடு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து கால் கழுவிக்கொண்டவர் என் வீட்டுக்காரர்.

அடுத்தது மெத்தட். அதாவது, 'வீட்டை வரை' என்று கட்டளை வந்தால் உள்ளே உட்கார்ந்து வரைந்து தருகிற ஆள். அந்த ஆள் நான். சமையலறை வாசலில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள். அவள் ஹாலில், நான் உள்ளே. திரைக்கு அடியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா தள்ளப்பட்டு வரும். அதைத் திறந்தால் ஒரு சீட்டு: அகலம் ஆறு கட்டம், உயரம் நாலு கட்டம், நிறம் சிவப்பு. சீட்டில் எழுதி வருவதற்குப் பெயர் பாராமீட்டர். அதைப் பார்த்து நான் சிலேட்டில் வீடு வரைய வேண்டும். அவ்வளவுதான்.

முதல் சீட்டுக்கு நன்றாகவே வரைந்தேன். இரண்டாவது சீட்டில் அகலம் மூன்று, உயரம் ஏழு என்று வந்தது. மறுபடியும் ஆறுக்கு நாலு வரைந்தேன்.

"அத்தை, மூணு கேட்டேன்."

"மூணு கட்டத்துல பாய எப்பிடிம்மா விரிப்பாங்க?"

"அது உங்க கவலை இல்ல அத்தை. சீட்டுல என்ன வருதோ அதை வரையணும்."

"வர்றவங்க நாலு பேரு ஒக்கார வாணாமா?"

அந்தப் பக்கம் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள் என்பது திரை வழியாகவே எனக்குத் தெரிந்தது.

அப்புறம் ஸ்கோப் என்று ஒன்று சொன்னாள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். திரைக்கு உள்ளே நான் எதைக் குறித்து வைத்தாலும் அது உள்ளே மட்டும்தான் செல்லும். வெளியே இருப்பவருக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது. அப்படிக் குறித்து வைப்பதற்கு லோக்கல் வேரியபிள் என்று பெயராம். வேலை முடிந்ததும் குறித்ததை அழித்துவிட வேண்டும். அடுத்த சீட்டு வரும்போது பழைய ஞாபகம் எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே யார் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று வெளியே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அடடா, இப்படி ஒரு இடம் இருப்பது தெரிந்திருந்தால் நான் அங்கேயே பிறந்திருப்பேனே என்று தோன்றியது.

என் வீட்டுக்காரருக்கும் இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. ஹாலில் இருந்து, "மெத்தடு! ஒரு காப்பி கெடைக்குமா?" என்று குரல் கொடுத்தார்.

"மாமா, அப்படிக் கத்தக் கூடாது. சீட்டுல எழுதி அனுப்புங்க" என்றாள் கவிதா.

டப்பா வந்தது. சீட்டில்: காப்பி. சர்க்கரை இரண்டு ஸ்பூன். டம்ளர் பெரியது. (டாக்டர் அவரை அரை ஸ்பூனோடு நிறுத்தச் சொல்லியிருந்தார். பாராமீட்டரை நான் மாற்றிவிட்டேன்.) காப்பி போட்டுத் திரைக்கு வெளியே நீட்டினேன்.

"சூப்பர்! இது ரிட்டர்ன் பண்ற மெத்தட். கேட்டா ஒண்ணு திருப்பித் தரும். ஆனா படம் வரையற மெத்தட் அப்படி இல்ல அத்தை. அதுக்குப் பேரு வாய்ட். வேலையைச் செய்யும், திருப்பி எதுவும் தராது. டப்பாவை வெறுமையா அனுப்பிடணும்."

எல்லா வம்பும் இங்கேதான் தொடங்கியது.

குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு இது தெரியும். எங்கள் பிளாக்கில் திருநெல்வேலிக்காரர்கள், சேலத்துக்காரர்கள், வேலூர்க்காரர்கள் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தோம். யாருக்கும் சொந்தக்காரர்கள் பக்கத்தில் இல்லை. பாத்திரங்கள்தான் எங்களுக்குச் சொந்தம். மேரி அக்கா வீட்டு டப்பா கேக்கோடு வரும், முறுக்கோடு போகும். பர்வீன் வீட்டுத் தூக்கு பிரியாணியோடு வரும், பாயசத்தோடு போகும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் உறவு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மாதக் கடைசியில் வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில்கூட, இரண்டு பச்சை மிளகாயையோ ஒரு கை சர்க்கரையையோ போட்டுத்தான் அனுப்புவேன். நான் வாயைத் திறந்து யாரிடமும் பேசியதில்லை. என் சார்பில் டப்பாக்கள்தான் பேசிக்கொண்டிருந்தன.

அதனால் ஒத்திகையின்போது கை தன்னால் போய்விடும். டப்பா திரும்பிப் போகும், உள்ளே ஒரு சிட்டிகை சர்க்கரை இருக்கும்.

"அத்தை! வாய்ட் அத்தை, வாய்ட்!"

"காப்பி மட்டும் அனுப்பலாம், சர்க்கரை அனுப்பக் கூடாதா?"

"கூடாது. ஒண்ணும் கூடாது."

"இன்னா மெத்தடும்மா இது, மரியாத தெரியாத மெத்தடா கீது."

ஒரு வாரம் பழகினோம். கடைசி இரண்டு நாளில் நான் தேறிவிட்டேன். மூன்றுக்கு ஏழு என்று வந்தால் கேள்வி கேட்காமல் மூன்றுக்கு ஏழு. குறித்ததை அழிப்பேன். டப்பாவை வெறுமையாகத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் இதெல்லாம் அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லப்போகும் பாடத்துக்கான ஒத்திகை மட்டும்தான். அங்கே கம்ப்யூட்டரில் காட்டிவிடுவாள். எனக்கு அங்கே வேலை இல்லை. இப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் காலையில், "நீங்க கூட வாங்க அத்தை. தனியாப் போக பயமா இருக்கு. நீங்க வெளில பெஞ்சுல உக்காந்திருந்தா போதும்" என்றாள். உட்காருவதுதானே, அது எனக்கு வரும். கிளம்பினேன்.

ரயிலில் ஆவடி போய் இறங்கிப் பூந்தமல்லி போகும் பஸ்ஸில் ஏறினோம். எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. வயிற்றைப் புரட்டும். அதற்காக எப்போதும் காகிதத்தில் மடித்து ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் இடுப்பில் செருகியிருப்பேன். சுருள் சுருளாக அரிந்து, உப்பு அடைத்து, வெயிலில் காயவைத்து, சில வருடம் ஜாடியில் கிடந்தது. பார்ப்பதற்குக் கருகருவென்று, வளைந்து நெளிந்து, கைகால் முளைத்த மாதிரி இருக்கும். நாக்கில் வைத்தால் அமிர்தம். கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் போய் இறங்கினால், அந்தப் பக்கம் முழுக்கப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தம். சாயங்காலம்தான் வருமாம். ஜெனரேட்டர் ஆபீஸ் அறைக்கு மட்டும். வராந்தாவில் இன்னொரு பெண்ணும் கையில் ஃபைலோடு காத்திருந்தாள். அவளும் இதே வேலைக்குத்தான்.

கண்ணாடி போட்ட தலைமை ஆசிரியை வெளியே வந்தார். "கம்ப்யூட்டர் இல்லாம கம்ப்யூட்டர் வகுப்பு எப்படி எடுப்பீங்க? இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எழுந்தாள். இன்னொரு நாள் என்றால் எந்த நாள் என்று கவிதாவுக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடம் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தன.

"எடுக்கலாம் மேடம். கம்ப்யூட்டர் இல்லாமலே எடுக்கறேன்."

சொல்லிவிட்டு நேராக என் பெஞ்சுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு வயித்த வலிக்குதும்மா" என்றேன், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

"அத்தை, இது போச்சுன்னா நான் இனிமே எங்கயும் போக மாட்டேன்."

அதை அவள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட நான் அசைந்திருக்க மாட்டேன். அவ்வளவு பயம் எனக்கு. அழாமல் சொன்னாள். எழுந்தேன்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். கடைசியில் நாற்காலி போட்டுத் தலைமை ஆசிரியையும், பள்ளியின் தாளாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் என்னைவிடப் பெரியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. முன்னால் மரச் சட்டத்தில் சுழல்கிற இரண்டு பக்கப் பலகை. அதன் பின்பக்கம்தான் என் இடம். ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன். பலகைக்குக் கீழே என் புடவைக் கரையும் ரப்பர் செருப்பும் தெரிந்திருக்க வேண்டும். முன் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கவிதா பேச ஆரம்பித்தாள். "இந்தப் பலகைக்குப் பின்னாடி ஒரு மெத்தட் இருக்கு" என்றாள். (நான்தான்.) "அதுக்கு இந்த ரூம்ல என்ன நடக்குதுன்னு தெரியாது. டப்பாவுல நாம போட்டு அனுப்பறது மட்டும்தான் தெரியும்."

ராசிக்காகப் பையில் வைத்திருந்த அதே டப்பாவைப் பலகைக்கு அடியில் நீட்டினாள். அகலம் எட்டு, உயரம் நாலு, சிவப்பு. கலர் சாக்பீஸால் வரைந்தேன். டப்பாவை வெறுமையாகக் கொடுத்தேன். பலகையைச் சுழற்றினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். டப்பா ஏன் வெறுமையாகத் திரும்பி வந்தது என்று கேட்டு, வாய்ட், லோக்கல் வேரியபிள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். மறுபடியும் டப்பா. மூன்றுக்கு ஏழு, நீலம். பாய் விரிக்க இடமில்லாத அந்த வீட்டையும் வரைந்தேன். இன்னும் பெரிய கைதட்டல். ஒரு பிள்ளை, "மிஸ், நிறம் சொல்லாம அனுப்பினா என்ன ஆகும்?" என்று கேட்டது. கவிதா பதில் சொன்ன குரலில் ஒரு தெளிவு இருந்தது. வேலை போனதற்கப்புறம் நான் கேட்காத குரல். பலகைக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அப்போது தாளாளர் எழுந்தார். "நல்லா இருக்கே! நான் ஒண்ணு அனுப்பலாமா?"

அவரே சீட்டு எழுதினார். டப்பாவை அடியில் தள்ளாமல், பலகைக்குப் பக்கவாட்டில் வந்து நின்று, "இந்தாங்கம்மா" என்று என் கையில் கொடுத்தார். அஞ்சுக்கு அஞ்சு, மஞ்சள். வரைந்து முடித்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் போகவில்லை. டப்பாவை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி அங்கேயே சிரித்த முகமாக நிற்கிறார்.

இதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

விபூதி பூசிய பெரிய மனிதர், தானே நடந்து வந்து டப்பா கொடுத்திருக்கிறார், கை நீட்டி நிற்கிறார். 'வாய்ட், வாய்ட்' என்று புத்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கைக்கு ஒரு வாரப் பழக்கம் பெரிதா, இருபத்தேழு வருடப் பழக்கம் பெரிதா? கை இடுப்புக்குப் போனது. எடுத்தது. போட்டது. மூடியை அழுத்தி மூடி, பெரியவர் கையில் பணிவாகக் கொடுத்தும்விட்டது.

அவர் வகுப்புக்கு முன்னால் போய் நின்றார். (இனி நடந்ததில் பாதி நான் காதால் கேட்டது, மீதி கவிதா பிறகு சொன்னது.) "சரி, இப்ப இந்த டப்பாவுல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது சார்!" நாற்பது குரல்.

"ஏன்?"

"வாய்ட் சார்!"

"வெரி குட்!" இது கவிதா. அவள் சந்தோஷம் பலகையைத் தாண்டி என் மேல் வந்து விழுந்தது.

அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. 'திறக்காதீங்க' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் காப்பாற்றப்பட்டிருக்கும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

தாளாளர் மூடியைத் திறந்து, உள்ளே பார்க்காமலே, வெறுமையைக் காட்டுவதற்காக முன் பெஞ்சுப் பெண்ணுக்கு நேராகக் கவிழ்த்தார்.

கருகருவென்று, வளைந்து நெளிந்து, கைகால் முளைத்த ஒன்று அவள் நோட்டின் மேல் விழுந்தது.

"பல்லி! செத்த பல்லி!"

அந்தக் குரல் பூந்தமல்லிவரை கேட்டிருக்கும். முன் பெஞ்சு பின் பெஞ்சு மேல் ஏறியது. ஏன் ஏறுகிறோம் என்று தெரியாமலே பின் பெஞ்சும் ஏறியது. டப்பா கீழே விழுந்து கடகடவென்று உருண்டு வராந்தாவுக்குப் போய்விட்டது. ஓடிவந்த யாரோ பலகையில் மோத, அது ஒரு சுற்றுச் சுற்றி, குறுக்குவாட்டில் படுத்துக்கொண்டு நின்றது. என் திரை போய்விட்டது. கையில் சாக்பீஸ், மூக்கில் மஞ்சள் பொடி, எதிரே ஒரு வகுப்பே பெஞ்சு மேல் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது.

"என்ன இது?" என்றார் தலைமை ஆசிரியை.

என் குரல் அப்போது பார்த்து வந்து சேர்ந்தது. "பல்லி இல்ல மேடம். நார்த்தங்கா. பஸ்ல வர்றப்ப வாந்தி வராம இருக்கறதுக்கு..."

"அதை ஏன் டப்பாவுல போட்டீங்க?"

"பெரியவரு கையில எப்பிடி மேடம் வெறும் டப்பாவ குடுக்கறது?"

தாளாளர் குனிந்து அதை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். தலைமை ஆசிரியையிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு விரலால் பிடித்துக் கவிதாவிடம் கொடுத்தார். கவிதா என்னிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இதோ விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? வாய்ட்னு சொல்லிட்டு ஒண்ணைத் திருப்பி அனுப்பினா என்ன ஆகும்? கம்ப்யூட்டரும் இப்படித்தான் கத்தும். இப்படித்தான் பெஞ்சு மேல ஏறி நிக்கும். தப்பைத் திருத்தற வரைக்கும் இறங்காது. எல்லாரும் இறங்குங்க."

அப்புறம் சிரிப்பு. பிள்ளைகள் இறங்கினார்கள். கத்திய அந்தப் பெண்ணே கையைத் தூக்கி, "மிஸ், அப்போ அந்த நார்த்தங்காய் லோக்கல் வேரியபிளா?" என்று கேட்டாள்.

"ஆமா. அது பலகைக்குப் பின்னாடி அத்தையோட இடுப்புல இருந்த வரைக்கும் யாருக்காவது தெரிஞ்சுதா? தொந்தரவு உண்டா? அதுதான் ஸ்கோப்."

பெரியவர்கள் இருவரும் சிரித்தார்களா என்று நான் பார்க்கவில்லை. என் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் வயிறு புரட்டியது. நார்த்தங்காய் கையிலேயே இருந்தது. வாயில் போட மனசு வரவில்லை. கவிதா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். எனக்கு ஒரே நினைப்புதான்: இந்த வேலை கிடைக்காமல் போனால் தெருவில் என்ன சொல்வார்கள்? மருமகள் வேலைக்குப் போன இடத்துக்குக் கூடவே போய் மாமியார்காரி கெடுத்துவிட்டு வந்தாள் என்பார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் ஊரில் ஒருத்தர் நம்புவாரா? நானாக இருந்தால் நானே நம்ப மாட்டேன். அவள் நம்புவாளா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

"கவிதா, நான் வேணும்னு பண்ணலம்மா."

"தெரியும் அத்தை."

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். தோளைத் தொட்டேன். திரும்பினாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க முடியாமல் இருந்தாள்.

"பல்லின்னதும் அந்த சார் எவ்ளோ உயரம் குதிச்சாரு, பாத்தீங்களா?"

"நான் பலகைக்குப் பின்னாடி இருந்தேன். எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அய்யோ, ஆமா, உங்க ஸ்கோப் வேற இல்ல!"

அப்புறம் இருவரும் சிரித்தோம். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஊர் அறியச் சத்தமாக நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

நாலாவது நாள் போன் வந்தது. வேலை அவளுக்குத்தான். பேசி முடித்துவிட்டு வந்து கவிதா சொன்னாள்: "அடுத்த வாரம் வந்து சேரச் சொல்லிட்டாங்க. ஆனா ஒரு நிபந்தனை. மாமியாரைக் கூட்டிக்கிட்டு வரக் கூடாதாம்."

வீடே சிரித்தது. நான் மட்டும் அதை எழுத்தில் வந்த உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டேன். ஆண்டு விழா, விளையாட்டு விழா, கவிதாவுக்குப் பரிசு கொடுத்த நாள், எதற்கும் போகவில்லை. என் வீட்டுக்காரரும் செந்திலும் போவார்கள். யாராவது கேட்டால், "எனக்கு அங்க அனுமதி இல்ல" என்பேன். அந்தச் சமயத்தில் மட்டும் என் குரல் கொஞ்சம் கம்பீரமாகவே வரும். பஸ் அந்தப் பள்ளியைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். இப்படியே ஆறு வருடம்.

போன மாதம் ஒரு அழைப்பிதழ் வந்தது. அந்தத் தலைமை ஆசிரியை ஓய்வு பெறுகிறாராம். உறையின் மேல் தனியாக என் பெயர் எழுதியிருந்தது.

"நான் அங்க வரக் கூடாதே" என்றேன்.

கவிதா அழைப்பிதழை என் கையில் வைத்தாள். "அத்தை, அது அன்னைக்கே அவங்க சிரிச்சுக்கிட்டு சொன்னது. நான் வேலையில சேர்ந்த மறுவாரமே உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வருஷா வருஷம் கேக்கறாங்க."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வரக் கூடாதுன்னு சொன்னதும் உங்க முகத்துல வந்துச்சே ஒரு நிம்மதி, அதைப் பாத்தேன். அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அடுப்பில் எதுவும் இல்லாமலே அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து, வருகிறேன் என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பல்லி நாளிலிருந்து வந்தது. நான் எங்கே வெளியே கிளம்பினாலும் என் வீட்டுக்காரர் வாசலில் குறுக்கே நிற்பார். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் பையைச் சோதிப்பார்களாம். அதே தோரணையில், "பைய தொற. இடுப்புல இன்னா வெச்சிகீற?" என்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சோதனைதான், கறிகாய் வாங்கப் போனாலும் சோதனைதான். வீட்டுக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களும் வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். தெரியாத ஒருத்தர் இருந்தால் போதும், கதை முதலிலிருந்து ஆரம்பமாகிவிடும்.

விழா நாளிலும் நின்றார். பையைத் திறந்து காட்டினேன். இடுப்பைத் தட்டிக் காட்டினேன். பக்கத்தில் கவிதா புதுப் புடவையில், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் இல்ல. கிளியர்" என்றார் அவர். வழியை விட்டார். இரண்டு படி இறங்கியிருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சரோ, வாய எட்த்துகினு போறியா? அத மட்டும் மறந்துடாத."

"எடுத்துகினேன்" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.